எழும்பூர் ரயில் நிலையம்: வாசலிலிருந்து வண்டி வரை

ஒரு ரயில் நிலையத்தை எடைபோட ஆளுக்கொரு அளவுகோல் உண்டு. கழிப்பறையைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். காப்பியின் சூட்டை வைத்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. ஆட்டோவிலிருந்து இறங்கும் இடத்துக்கும் என் பெட்டியின் படிக்கட்டுக்கும் நடுவே, இரண்டு கையிலும் பையுடன், முழங்கால் வலியுள்ள தாயாரையும் அழைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது, எத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். தென்மாவட்டத்தில் பிறந்து சென்னையில் பிழைக்கும் லட்சக்கணக்கானவர்களைப் போல, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் எழும்பூர் வழியாகவே ஊருக்குப் போய்வந்த அனுபவத்தில் இந்த அளவுகோல் எனக்கு அமைந்தது. அதை வைத்தே இந்த நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன்.

எழும்பூர் நிலையம் பழையது என்பது அதன் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அது எதற்காக, யாருக்காகக் கட்டப்பட்டது என்பது தெரிந்தால்தான் இன்றைக்கு அங்கே நமக்கு வாய்க்கும் வசதியும் நாம் படும் சிரமமும் புரியும். சென்னையின் முதல் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம். மேற்கும் வடக்கும் போகும் அகலப்பாதை வண்டிகளுக்கு 1873இல் சென்ட்ரல் வந்தது. தெற்கே போகும் வண்டிகள் வேறொரு கம்பெனியினுடையவை. திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே கம்பெனி, தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளியே உள்ள மீட்டர் கேஜ் பாதையில் செங்கல்பட்டு, விழுப்புரம், மாயவரம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று தூத்துக்குடி வரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. தலைநகரில் தன் பெயர் சொல்லும்படி ஒரு முனையம் அதற்கு வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்குக் கட்டப்பட்டதுதான் எழும்பூர்.

நிலையத்துக்கான இடத்தில் ஒரு பகுதி, பல்னி ஆண்டி என்ற மருத்துவருக்குச் சொந்தமாக இருந்தது. வேறொரு சொத்து வாங்குவது கடினம் என்று அவர் முதலில் தயங்கியதாகவும், பிறகு 1.83 ஏக்கர் நிலத்தை ஒரு லட்சம் ரூபாய்க்குக் கொடுத்ததாகவும் பதிவு இருக்கிறது. ஹென்றி இர்வின் வரைந்த திட்டத்தில் கம்பெனியின் கட்டடக் கலைஞர் இ.சி. பேர்டு மாற்றங்கள் செய்தார். பெங்களூரைச் சேர்ந்த ஒப்பந்தக்காரர் டி. சாமிநாத பிள்ளை கட்டி முடித்தார். 1905இல் தொடங்கிய வேலை மூன்றாண்டுகள் நடந்தது. செலவு ஏறத்தாழ 17 லட்சம் ரூபாய். 1908 ஜூன் 11 அன்று நிலையம் திறக்கப்பட்டது. இதற்கு ராபர்ட் கிளைவின் பெயரை வைக்கக் கம்பெனி விரும்பியதென்றும், ஊரார் எதிர்ப்பால் அது நடக்கவில்லை என்றும் சொல்லப்படுகிறது. நல்லவேளை என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன். ‘கிளைவில் இறங்கி ஆட்டோ பிடி’ என்று என் அம்மா வாயிலிருந்து வருவதைக் கற்பனை செய்யவே முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு சிறு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நிலையத்தின் முன்னால் ஓடும் சாலைக்குக் காந்தி இர்வின் சாலை என்று பெயர். அந்த இர்வின், கட்டடம் வரைந்த ஹென்றி இர்வின் அல்லர். 1931இல் காந்தியுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட வைஸ்ராய் இர்வின் பிரபு. ஒரே பெயர் கொண்ட இருவரும் ஒருவர் கட்டடமாகவும் மற்றவர் சாலையாகவும் எதிரெதிரே நிற்பது தற்செயல்தான். ஆனால் ‘ஸ்டேஷன் கட்டினவர் பேரைத்தான் ரோட்டுக்கு வைத்திருக்கிறார்கள்’ என்று எனக்கு விளக்கம் சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்லர்.

ஹென்றி இர்வினின் கைவண்ணத்தைச் சிம்லாவின் வைஸ்ராய் மாளிகையிலும், மைசூர் அரண்மனையிலும், சென்னை உயர் நீதிமன்றத்திலும் காணலாம். அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் அவர் பயன்படுத்திய அதே இந்தோ சாரசெனிக் பாணி, அதாவது இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய வடிவங்களைக் கலந்த பாணி, எழும்பூரில் மூட்டை சுமக்கும் சனங்களுக்குக் கிடைத்தது. நடுவில் பெரிய குவிமாடம், அதன் மூலைகளில் சிறு கோபுரங்கள், வெள்ளை விளிம்பிட்ட சிவப்பு வளைவுகள் ஆகியவற்றைச் சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்று மாலை வெயிலில் பார்க்க வேண்டும். கிட்டே வந்துவிட்டால் ஆட்டோக்களும் தலைகளும்தான் தெரியும். உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். நடைமேடைகளுக்கு மேலே வில்லாக வளைந்து போகும் இரும்புச் சட்டங்கள் பழைய பகுதியில் இருக்கின்றன. அந்த உயரம் வெறும் பகட்டுக்காக வைத்ததன்று. நீராவி எஞ்சின் கக்கிய புகையும் சூடும் மேலேறிக் கலைய அத்தகைய உயரம் தேவைப்பட்டது. எஞ்சின்கள் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. மே மாதப் பிற்பகலில், தாழ்வான தகரக் கூரையின் கீழ் நிற்பவருக்கும் இந்த வளைவின் கீழ் நிற்பவருக்கும் உள்ள வேறுபாட்டை உடம்பே சொல்லிவிடும்.

என் அளவுகோலுக்கு நேரே பொருந்தும் செய்தி இனிமேல்தான். இந்த நிலையத்தைக் கட்டியபோது, நடைமேடையின் ஓரம் வரை வண்டி ஓட்டிக்கொண்டு வரும்படி பாதை அமைத்தார்கள். காரில் வந்தவர் நடைமேடையிலேயே இறங்கி, நாலு எட்டு வைத்துப் பெட்டியில் ஏறிவிடலாம். அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர் யார், முதல் வகுப்பில் போனவர் யார் என்று கேட்டால் விடை நமக்கு உவப்பாக இராது. அந்த வசதி துரைகளுக்கும் ஜமீன்தார்களுக்கும் உரியது. ஆனாலும் தெருவையும் தண்டவாளத்தையும் ஒரே தளத்தில் வைத்த அந்த எண்ணத்தின் பலன் பின்னாளில் எல்லோருக்கும் கிடைத்தது. காந்தி இர்வின் சாலை வாசலில் நுழைந்தால் முகப்புக் கட்டடத்தை ஒட்டிய நடைமேடைக்கு ஒரு படிகூட ஏறாமல் போய்விடலாம். நம் வண்டி அங்கே நிற்குமானால், முழங்கால் வலி உள்ளவருக்கு எழும்பூரைப் போல இதமான பெரிய நிலையம் வேறில்லை. நம் வண்டி அங்கே நிற்காதபோதுதான் கதை மாறுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எழும்பூரின் புகழை உண்டாக்கிய வண்டி போட் மெயில். முதலில் தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் என்றிருந்த வழி, 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் மாறியது. எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடி வரை வண்டியில் சென்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்குக் கடந்து, மீண்டும் ரயிலேறிக் கொழும்பு போனார். ஒரே சீட்டில் கடல் தாண்டிப் போக முடிந்த காலம் அது. 1964 டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் வந்த வண்டியொன்றைக் கடல் கொண்டுபோனது. அதன்பின் போட் மெயில் ராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது. பழைய பாலம் 2022 இறுதியில் மூடப்பட்டபோது அதுவும் முடியாமல் மண்டபம் பக்கமே நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு மீண்டும் தீவுக்குள் போகிறது. படகு போய் அறுபது ஆண்டுகள் ஆகியும் பெயரில் மட்டும் படகைச் சுமந்துகொண்டு இன்றும் எழும்பூரிலிருந்து ஒரு வண்டி கிளம்புகிறது. நிலையத்தின் எதிரே கென்னட் சந்தில் மகாபோதி சங்கத்தின் கட்டடம் இருப்பதும், அந்தப் பக்கத்துத் தங்கும் விடுதிகளில் சிங்களமும் யாழ்ப்பாணத் தமிழும் காதில் விழுவதும் இந்தப் பழைய உறவின் மிச்சம்தான்.

பெருமையைச் சொன்னேன், அதே வரலாறு தந்த தலைவலியையும் சொல்ல வேண்டும். எழும்பூரின் தண்டவாளம் மீட்டர் கேஜ், சென்ட்ரலின் தண்டவாளம் அகலப்பாதை. இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும், மதுரையிலிருந்து டெல்லி போகிறவர் எழும்பூரில் இறங்கி, பெட்டி படுக்கையோடு குதிரை வண்டியோ ரிக்ஷாவோ பிற்பாடு ஆட்டோவோ பிடித்துச் சென்ட்ரலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். 1951 ஏப்ரல் 14 அன்று கம்பெனிகளை இணைத்துத் தென்னக ரயில்வே உருவானபோதும் தண்டவாளங்கள் இணையவில்லை. 1990களின் இறுதியில் சென்னையிலிருந்து தெற்கே போகும் பாதை அகலமாக்கப்பட்ட பிறகே இது தீர்ந்தது. இப்போது கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து ஹவுராவுக்கும் டெல்லிக்கும் போகும் சில வண்டிகள் எழும்பூரோடு முடிந்துவிடாமல் அதன் வழியாகவே வடக்கே திரும்பிவிடுகின்றன. எழும்பூரின் தடங்கள் ஒருபக்கம் தாம்பரத்துக்கும் மறுபக்கம் கடற்கரைக்கும் தொடர்வதால்தான் இது முடிகிறது. தண்டவாளம் முட்டி நிற்கும் முனையமாக இதைக் கட்டியிருந்தால் ஒவ்வொரு வண்டிக்கும் எஞ்சினைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் இந்த நல்ல அமைப்புக்கு ஒரு விலை உண்டு; அதை நம் கால்கள்தான் கொடுக்கின்றன. தண்டவாளம் முட்டி நிற்கும் சென்ட்ரல் போன்ற நிலையத்தில் எல்லா நடைமேடைகளும் ஒரு முனையில் ஒன்றுசேரும். படி ஏறாமல் எதற்கும் போகலாம். இருபக்கமும் தடம் தொடரும் நிலையத்தில் குறுக்கே போக மேம்பாலம் ஏறியே ஆக வேண்டும். ஒரே தளத்தில் நடக்கும் பழைய சுகம் முகப்பை ஒட்டிய நடைமேடையோடு முடிந்துபோவதற்குக் காரணம் இதுதான். மொத்தம் 11 நடைமேடைகள். முதல் மூன்றும் கிழக்கோரத்தில் தனியாக ஒதுங்கியிருக்கின்றன. நீளம் குறைவான வண்டிகளுக்கு அவை. 4 முதல் 7 வரையிலானவை பழைய நிலையத்தின் இதயம். 10, 11 ஆகியவை மின்சார ரயில்களுக்கு உரியவை. முதல்முறை வருகிறவர் ‘1ஆம் நடைமேடை’ என்றால் வாசலில் நுழைந்ததும் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார், இங்கே அப்படியில்லை. அறிவிப்புப் பலகையில் எண்ணைப் பார்த்துவிட்டு, அது எந்தப் பக்கம் என்று சீருடையில் இருக்கும் ஒருவரிடம் கேட்டுவிட்டு நடப்பது இரண்டு மேம்பாலம் ஏறி இறங்குவதை மிச்சப்படுத்தும்.

மின்சார ரயில் என்றதும் இன்னொரு பழம்பெருமை நினைவுக்கு வருகிறது. கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் 1931இலேயே மின்சார வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. தென்னிந்தியாவில் அதுவே முதல். அந்த மீட்டர் கேஜ் மின் வண்டிகள் 2004 வரை ஓடின. குட்டையான பெட்டி, குறுகலான இருக்கை, எதிரில் உட்கார்ந்தவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். அதில் பச்சையப்பன் கல்லூரிக்கும் கிண்டிக்கும் போய்வந்த தலைமுறைக்கு அதன்மீது இன்னும் ஒரு பிரியம் உண்டு. எனக்கும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் காலை எட்டரை மணிக்கு அதில் தொங்கிக்கொண்டு போனதையும் மறக்கவில்லை.

வாசல்கள் இரண்டு. முகப்பு வாசல் காந்தி இர்வின் சாலையில். பின்வாசல் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம். அண்ணா நகர், கீழ்ப்பாக்கம், புரசைவாக்கம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் மின்சார ரயில் பிடிப்பவர்களுக்கும் பின்வாசலே பக்கம். 2018 மே 25 அன்று நிலையத்தை ஒட்டி நிலத்தடியில் மெட்ரோ ரயில் நிலையம் திறந்தது. அடுத்த நிறுத்தமே சென்ட்ரல். மறுபக்கம் கோயம்பேடு, வடபழனி, ஆலந்தூர் வழியே பரங்கிமலை வரை போகலாம். இரண்டு தலைமுறைகள் ரிக்ஷாவில் மூட்டையோடு கடந்த அந்த இரண்டு கிலோமீட்டரை இப்போது குளிர்சாதனப் பெட்டியில் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம். மெட்ரோவைவிடக் குறைந்த செலவில் போக நினைப்பவர், எழும்பூரில் மின்சார ரயில் ஏறி அடுத்த நிறுத்தமான பூங்கா நிலையத்தில் இறங்கினால், சாலையைக் கடந்ததும் சென்ட்ரல்தான். விமான நிலையத்துக்குப் போக வேண்டியவருக்கும் மின்சார ரயிலே போதும். திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். இந்த மூன்று இணைப்புகளும் ஒரே இடத்தில் அமைந்திருப்பதற்காகவே எழும்பூருக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம்.

உள்வசதிகளைப் பற்றி நீட்டி முழக்க அதிகமில்லை. பெரிய நிலையங்களில் இருப்பவை எல்லாம் இங்கும் இருக்கின்றன. காத்திருப்பு அறைகள், ஓய்வறைகள், பொருள் வைப்பறை, உணவுக் கடைகள், முன்பதிவு மையம், பார்சல் அலுவலகம் ஆகிய எல்லாம் உண்டு. சில நடைமுறைகளை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஓய்வறைக்கு, உறுதியான பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு இணையத்திலேயே பதிவு செய்துவிடலாம். விடியற்காலையில் இறங்கிப் பத்து மணி நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு, குளித்து உடை மாற்ற இதைவிட மலிவான இடம் எழும்பூர் வட்டாரத்தில் கிடைப்பது அரிது. பொருள் வைப்பறையில் பூட்டிய பையை மட்டுமே வாங்குவார்கள். கட்டைப்பையில் சாமான் வைத்திருப்பவர்கள் அங்கே போய் நின்று திரும்புவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். நடைமேடைச் சீட்டு ரூ.10, இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். ஒரு லிட்டர் ரயில் நீர் ரூ.14, அதற்குமேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. முன்பதிவில்லாச் சீட்டுக்கும் நடைமேடைச் சீட்டுக்கும் செல்பேசிச் செயலி வந்துவிட்டதால், வெள்ளிக்கிழமை மாலைகளில் சீட்டு வரிசையில் கால் கடுக்க நிற்கத் தேவையில்லை. நகரும் படிகளும் மின்தூக்கிகளும் இருந்தாலும் கூட்ட நேரத்தில் அவை எல்லோருக்கும் போதுமானவையல்ல; முதியவரை அழைத்து வருகிறவர் முன்கூட்டியே பேட்டரி காரையோ சக்கர நாற்காலியையோ கேட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இரண்டு மூன்று மணி நேரம் சும்மா இருக்க நேர்ந்தால், பையை வைப்பறையில் போட்டுவிட்டு நடந்தே பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கும் அமராவதிச் சிற்பங்களுக்கும் அது பேர்போனது. அதே வளாகத்தில் தேசிய கலைக்கூடமாக நிற்கும் இளஞ்சிவப்புக் கட்டடமும் ஹென்றி இர்வின் வரைந்ததுதான் என்பது இன்னொரு சுவை. வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்த யோசனையை நான் சொல்லாத நண்பர் இல்லை. கேட்டவர் எண்ணிக்கை குறைவு.

எழும்பூரின் உண்மையான வேலை மாலை ஐந்துக்கு மேல்தான் தொடங்குகிறது. கன்னியாகுமரி, முத்துநகர், நெல்லை, பொதிகை, பாண்டியன், மலைக்கோட்டை என்று ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வந்து நின்று நிரம்பிப் போகின்றன. ஊர்ப்பெயர் சொல்லாமல் வண்டிப்பெயரை மட்டும் சொன்னாலே யார் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். ‘நீங்க பொதிகையா?’ என்று கேட்டால் தென்காசிக்காரர் தலையாட்டுவார். முன்பெல்லாம் நடைமேடைப் பலகையிலும் பெட்டியின் பக்கவாட்டிலும் முன்பதிவுப் பட்டியலை ஒட்டி வைப்பார்கள். என் தந்தை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புள்ளி அச்சில் மங்கிக் கிடந்த பெயர்களின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டே வந்து, எங்கள் பெயர் வந்ததும் விரலை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார். அவர் விரல் நுனியில் பட்டியலின் மை ஒட்டியிருக்கும். 2018இல் அந்தத் தாள்கள் நின்றுபோயின. இப்போது குறுஞ்செய்தியில் படுக்கை எண் வந்துவிடுகிறது. பலகையின் முன்னால் முண்டியடிக்க வேண்டியதில்லை. நல்ல மாற்றம்தான், ஐயமில்லை.

பகல் வண்டிகளில் வைகைக்கு ஒரு தனி இடம். 1977 ஆகஸ்டு 15 அன்று மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கி, மதுரைக்குப் பகலிலேயே போய்ச் சேரலாம் என்று காட்டிய வண்டி அது. அதன் வழியில் 2019 மார்ச்சில் மதுரைக்குத் தேஜஸும், 2023 செப்டம்பரில் திருநெல்வேலிக்கும் 2024 ஆகஸ்டில் நாகர்கோவிலுக்கும் வந்தே பாரத் வண்டிகளும் வந்தன. வேகம் உண்டு, கட்டணமும் அதற்கேற்ப உண்டு. இரவில் படுத்துத் தூங்கிக் காலையில் ஊரில் இறங்கிப் பழகியவர்களுக்குப் பகல் முழுவதும் உட்கார்ந்தே போவது எல்லா நேரமும் ஒத்துவராது. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் அது 120 நாளாக இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தென்மாவட்ட வண்டிகள் காலை எட்டு மணிக்குத் திறந்த சில நிமிடங்களிலேயே நிரம்பிவிடுகின்றன என்பதை அறியாத தமிழர் யாரும் இல்லை. வெளியூர்ப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்குப் போன பிறகு, நகரின் நடுவிலேயே ஏறிக்கொள்ளலாம் என்பதற்காகவும் ரயிலை நாடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

காலையில் இந்த நிலையத்தைப் பார்ப்பது வேறு அனுபவம். நான்கரை மணியிலிருந்து ஏழரை வரை தெற்கு வண்டிகள் வரிசையாக வந்து இறக்கிவிட்டுப் போகின்றன. அல்வாப் பெட்டி, முறுக்குப் பொட்டலம், மண்ணோடு வந்த சிறுகிழங்கு, வாழையிலைக் கட்டு என்று ஊரே கைகளில் இறங்கி நடந்து வரும். ஒருமுறை எனக்கு முன்னால் போன பெண்மணி ஒருவரின் துணிப்பைக்குள்ளிருந்து முருங்கைக்காய்க் கட்டு ஒன்று ஓரடி நீட்டிக்கொண்டிருந்தது. மேம்பாலப் படியில் ஏறியபோது பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதற்கு மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். வெளியே வந்ததும் ஆட்டோப் பேரம் தொடங்கும். இருட்டு விலகாத நேரத்தில் அவசரப்பட்டு, மீட்டர் கட்டணத்தைப் போல இருமடங்கு கொடுத்து ஏறிய முட்டாள்தனத்தை நானும் செய்திருக்கிறேன். செயலியில் வண்டி பதிவு செய்துவிட்டு வெளியே வருவதோ, மெட்ரோ ஓடத் தொடங்கும்வரை ஒரு காப்பி குடித்துக்கொண்டு பொறுத்திருப்பதோ மேல். தென்சென்னையில் வீடு இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை: வண்டி தாம்பரத்திலும் சில வண்டிகள் மாம்பலத்திலும் நின்றுதான் வருகின்றன. எழும்பூர் மேல் பாசம் என்பதற்காகத் தாம்பரத்துக்காரர் எழும்பூர் வரை வந்து திரும்பிப் போக வேண்டிய அவசியம் இல்லை.

இனி, நடந்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றி. 2022 மே 26 அன்று தமிழ்நாட்டின் ஐந்து நிலையங்களின் மறுசீரமைப்புக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதுரை, ராமேஸ்வரம், காட்பாடி, கன்னியாகுமரி ஆகியவற்றோடு எழும்பூரும் அதில் ஒன்று. எழும்பூருக்கு மட்டும் ஏறத்தாழ ரூ.735 கோடி. பாரம்பரியக் கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நிலையத்தின் இரண்டு வாசல் பக்கமும் பல அடுக்குக் கட்டடங்கள், தண்டவாளங்களுக்கு மேலே இரண்டையும் இணைக்கும் அகன்ற நடைகூடம், பல அடுக்கு வாகன நிறுத்தம், பார்சலுக்குத் தனிக் கட்டடம் என்பது திட்டம். வேலைக்காகத் தடுப்புகள் எழுந்து, வண்டி நிறுத்தும் இடங்கள் மாறி, சில வண்டிகள் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் மாற்றப்படுவதும் உண்டு. ஆகவே எந்த நிலையத்திலிருந்து வண்டி புறப்படுகிறது என்பதைக் கிளம்பும் நாளன்று ரயில்வேயின் 139 எண்ணுக்குப் பேசியோ செயலியிலோ ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டை விட்டுப் புறப்படுங்கள்.

இந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1908இல் கம்பெனிக்காரர்கள் எண்ணிப் பார்த்த கூட்டத்துக்குக் கட்டிய நடைமேடைகளில் இன்றைய கூட்டத்தை அடைப்பது நடக்கிற காரியமில்லை. மேலே உட்கார இடமிருந்து, தன் வண்டி வந்து நின்ற பிறகு நேரே அந்த நடைமேடைக்கு மின்தூக்கியில் இறங்க முடியுமானால், இப்போது நடைமேடைத் தரையில் செய்தித்தாள் விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய விடுதலை. என் ஐயமெல்லாம் ஒன்றுதான். விமான நிலையத்தைப் பார்த்துக் கட்டப்படும் புதிய நிலையங்களில் நடை கூடிப்போகிறது. வாகன நிறுத்தத்திலிருந்து கூடம், கூடத்திலிருந்து மேல்தளம், மேல்தளத்திலிருந்து நடைமேடை என்று மூன்று மாறுதல்கள் வந்துவிட்டால், கார் வந்து நடைமேடையில் நின்ற நிலையம் என்ற பெயர் கதையாகிவிடும். முதுகில் பை மாட்டிக்கொண்டு வேகமாக நடக்கும் இருபத்தைந்து வயதுக்காரரை மனத்தில் வைத்து வரைந்தார்களா, அல்லது கைத்தடியோடும் மருமகளோடும் ராமேஸ்வரம் போகும் எழுபது வயதுக்காரரை மனத்தில் வைத்து வரைந்தார்களா என்பது மின்தூக்கிகளின் எண்ணிக்கையிலும் அவை அமையும் இடத்திலும் தெரிந்துவிடும். பழைய முகப்பைக் காட்சிப்பொருளாக நிறுத்திவிடாமல், தரைத்தளத்தில் ஏறி இறங்கும் வழியாகவே தொடர்ந்து பயன்படுத்த விடுவார்களானால் பாதிக் கவலை தீரும்.

இப்போதைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. வேலை முடிந்த பிறகு இதே தாயாரை அழைத்துக்கொண்டு இதே வழியில் நடந்து பார்த்துவிட்டு, அந்த நாலைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்கிறேன். அதுவரை எழும்பூருக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது: அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள், வண்டியின் நடைமேடை எண்ணைச் செயலியில் பாருங்கள், ஆட்டோவில் ஏறியதும் ‘எழும்பூர்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், காந்தி இர்வின் சாலை வாசலா பூந்தமல்லி நெடுஞ்சாலை வாசலா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.